உடலைத் தருபவரின் பொறுப்பு

மெய்நிகர் உலகில் நமக்குத் தரப்படும் உடல், நாம் அறியாமலே நம்மை நடத்துகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக் யீயும் ஜெரமி பெய்லென்சனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. சிலருக்கு உயரமான உடலையும் சிலருக்குக் குட்டையான உடலையும் கொடுத்து, பணத்தைப் பங்கிடும் பேரத்தில் ஈடுபடுத்தினார்கள். உயரமான உடல் வாய்த்தவர்கள் தங்கள் பக்கம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டார்கள். குட்டையான உடலில் இருந்தவர்களோ அநியாயமான பங்கையும் அதிக அளவில் ஏற்றுக்கொண்டார்கள். எதிரே இருந்தவர் கண்ணுக்கு இந்த உயர வேறுபாடு தெரியாதபடி காட்சி அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே, மற்றவர் மதித்ததாலோ அவமதித்ததாலோ வந்த மாற்றமல்ல இது. தன் உருவத்தைப் பற்றித் தானே கொண்ட எண்ணத்தால் விளைந்தது. நினைத்த உருவெடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரால் இதைப் ‘புரோட்டியஸ் விளைவு’ என்றார்கள்.

போலி உடல் என்று தெரிந்த பிறகு அது எப்படி நம்மை மாற்றும் என்று கேட்கலாம். அறிவு விலகி நின்றாலும் உணர்வு விலகுவதில்லை. மறைத்து வைத்த சொந்தக் கையையும் கண்ணெதிரே உள்ள ரப்பர் கையையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், ரப்பர் கையே தன் கை என்ற உணர்வு பலருக்கு வந்துவிடுகிறது என்று போட்வினிக், கோஹன் இருவரும் 1998-லேயே காட்டினார்கள். பார்சிலோனாவில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் 2013-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெரியவர்கள் சிலருக்கு நான்கு வயதுக் குழந்தையின் உடல். மற்றவர்களுக்கு அதே உயரத்துக்குச் சுருக்கப்பட்ட பெரியவர் உடல். இரு தரப்பினருமே பொருள்களை உள்ளதைவிடப் பெரிதாக மதிப்பிட்டார்கள். ஆனால் குழந்தை உடலில் இருந்தவர்களிடம் அந்தப் பிழை கூடுதல். உயரம் ஒன்றுதானே, வேறுபாடு எங்கிருந்து வந்தது? குழந்தை என்றால் என்ன என்று நம் மனத்தில் படிந்திருக்கும் பொருளிலிருந்துதான்.

அந்தப் பொருளைச் சமூகம் தருகிறது என்பதால்தான் மெய்நிகர் கருவியைப் பரிவு வளர்க்கும் இயந்திரம் என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம். கறுப்பின உடலில் இருந்த வெள்ளையரிடம் உள்ளார்ந்த இனச்சாய்வு குறைந்ததாக 2013-இல் ஸ்லேட்டர் குழு கண்டது. ஆனால் 2009-இல் வேலை நேர்காணல் சூழலில் நடந்த அமெரிக்க ஆய்வில், கறுப்பின உருவம் பெற்றவர்களிடம் சாய்வு கூடியிருந்தது. கருவிகள் வேறுபட்டதும் காரணமாக இருக்கலாம். எனினும், 2020-இல் பார்சிலோனா குழுவே சூழலை மாற்றிச் சோதித்தபோது, இதமான சூழலில் கிடைத்த பலன் கசப்பான சூழலில் கிடைக்கவில்லை. ஏளனத்துக்கு ஆளாகும் உடலை அணிவித்தால் பரிவு வரும் என்ற நம்பிக்கைக்கு இது பலத்த அடி.

இவை ஆய்வகத்தில் கண்ட சிறு மாற்றங்கள், மறைந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. அளவு மிதமானதுதான், மனச்சாய்வுச் சோதனையில் பெறும் மதிப்பெண் அன்றாட நடத்தையை அப்படியே காட்டுவதில்லை என்பதும் சரி. ஆனால் 2016-இல் வெளியான ஆய்வில் இனச்சாய்வு குறைந்த மாற்றம் ஒரு வாரம் கழித்தும் தென்பட்டது. பேரம், நேர்காணல், வகுப்பு ஆகியவை மெய்நிகர் வெளிக்குப் போகும்போது சிறிய சாய்வும் ஒருவருடைய சம்பளத்தைக் குறைக்கலாம். எனவே பணியாளர் பயிற்சிக்கு இத்தகைய மென்பொருளை விற்கும் நிறுவனங்கள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்த முடிவுகளை, பாதகமானவை உட்பட, வெளியிட வேண்டும். பேரம் பேச அமர்பவருக்குத் தன் உருவம் மாற்றப்பட்டிருப்பதை முன்கூட்டியே சொல்லி, மறுக்கும் உரிமையும் தர வேண்டும்.