சேர்வராயனை எந்தக் கலெக்டர் கண்டுபிடித்தார்?

போன வாரம் அண்ணன் மகளுக்கு வினாடி வினாப் போட்டி. ஏழாவது படிக்கிறாள். பொது அறிவுப் புத்தகத்தை என் கையில் திணித்து, "கேள்வி கேளுங்க அத்தை" என்றாள். உலகின் பெரிய பாலைவனம் எது, மச்சு பிச்சு எந்த நாட்டில் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டேன். பிசகில்லாமல் சொன்னாள். அடுத்த கேள்வி: "ஏற்காட்டைக் கண்டுபிடித்தவர் யார்?" யோசிக்கவே இல்லை. "காக்பர்ன்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் தெரிகிற மலை. சேலத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த மலையை ஒரு வெள்ளைக்காரர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எம்.டி. காக்பர்ன் 1820களில் சேலம் கலெக்டர். காபிச் செடி கொண்டுவந்து வைத்தார், பேரிக்காய் வைத்தார், வீடு கட்டினார். வைக்கட்டும், கட்டட்டும். அதற்கு முன்னால் மலை எங்கே போயிருந்தது? ஆங்கிலேயர் அதை ஷெவராய் ஹில்ஸ் என்றார்கள். ஷெவராய் எந்தத் துரையின் பெயர்? சேர்வராயன் என்று சொல்ல நாக்கு வளையாதவர்கள் சொன்ன பெயர் அது. அவர்கள் ஏறி வந்தபோதே சாமி இருந்தது, சாமிக்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயர் மலைக்கும் ஆகியிருந்தது. வந்தவர்கள் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கேட்டு எழுதிக்கொள்வதற்குப் பெயர் கண்டுபிடிப்பா?

சுமார் 5,300 அடி உயர உச்சியில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அங்கே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலை ஊர்களெல்லாம் திரண்டு வரும். வருகிறவர்கள் மலையாளிப் பழங்குடிகள். அவர்கள் இந்த மலையைச் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரித்து வைத்து, நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு மூப்பன் என்று ஏற்பாடு செய்து வாழ்ந்தவர்கள். நாடு பிரித்து, ஊர் அமைத்து, வழக்குத் தீர்த்து வாழ்கிற மக்களின் நடுவே வந்து நின்ற ஒருவரை நாம் 'கண்டுபிடித்தவர்' என்கிறோம். அவர் சொன்னாரோ இல்லையோ, நாம் சொல்கிறோம், பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்னும் பின்னால் போனால், புதிய கற்காலத்து மனிதர்கள் தேய்த்து மெருகேற்றிய கல் கோடாரிகள் இந்த மலையில் கிடைத்திருக்கின்றன. அவற்றைத் தன் பட்டியலில் சேர்த்தவரும் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர்தான். அவருக்குத் தெரிந்தது நம் பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

மலையாளி என்றதும், "கேரளாக்காரங்களா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மலையை ஆள்கிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிகள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. சேலம் மாவட்டத்து மலையாளிக்குப் பழங்குடிச் சான்றிதழ் உண்டு. அதே மக்கள் ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் இருந்தால் கிடையாது என்று பல வருடங்களாக அலையவிட்டார்கள். மாவட்டக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பழங்குடி, அந்தப் பக்கம் இல்லை! மக்களைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்க்கிற புத்தி அங்கேயும்தான்.

மச்சு பிச்சு கதையும் இதுதான். 1911இல் ஹிராம் பிங்காம் கண்டுபிடித்தார் என்கிறது அதே புத்தகம். அவரை அழைத்துப் போனவர் உள்ளூர் விவசாயி. மேலே போனால் அங்கே குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. ஒரு சிறுவன் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினான். பிள்ளை காட்டிய இடத்தைப் பெரியவர் கண்டுபிடித்தார்! திபெத்தியர்கள் சோமோலுங்மா என்று அழைத்த சிகரத்துக்கு 1865இல் எவரெஸ்ட் என்று பெயர் சூட்டினார்கள். ஜார்ஜ் எவரெஸ்ட்டே அதை ஆட்சேபித்தவர். ஊட்டியைக் 'கண்டுபிடித்த' ஜான் சல்லிவன் தோடர்களிடம் நிலம் வாங்கினார். விற்க ஆள் இருந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊட்டி என்றதும் இன்னொன்று. 'ஏழைகளின் ஊட்டி' என்று ஏற்காட்டைச் சொல்வதை நிறுத்துங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவர்களை வரவேற்பது லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், பகோடா பாயின்ட். துரையும் துரைசானியும் உட்கார்ந்து பார்த்த பாறைக்குப் பெயர்ப்பலகை. காபித் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழைத்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஒரு பலகையும் இல்லை.

"அப்ப நான் என்ன எழுதட்டும் அத்தை? வேற எழுதினா மார்க் போயிடும்" என்றாள் பிள்ளை. காக்பர்ன் என்று எழுதிவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேர்வராயன் என்று எழுது, மார்க் போனால் போகட்டும் என்றேன். போய்விட்டது. பதிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, சேர்வராயன் மலையின் மூன்று நாடுகள் எவை என்று கேளுங்கள்.