கடல் கடந்து செய்யும் குழந்தைத் தொண்டு

நம் சங்கத்துக் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய ஆர்வம் அரும்பியிருக்கிறது. கல்லூரியில் பயிலும் நம் மக்கள், விடுமுறை நாள்களில் வெளிநாடு சென்று ஏழைக் குழந்தைகளுக்குத் தொண்டு செய்துவர விழைகின்றனர். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று காலம் வகுத்து, கட்டணமும் பெற்றுக்கொண்டு அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் பல உள்ளன. பிறர் துயர் கண்டு இரங்கும் பிள்ளையைப் பெற்றவர் மகிழ்வது இயல்பே. ஆயின், அன்புடையார் செய்யும் செயல் அனைத்தும் தொண்டாகிவிடுமா? எந்தக் குழந்தையை நாடிச் செல்கிறோமோ, அந்தக் குழந்தைக்கு அதனால் நன்மை விளைகிறதா? பயணச்சீட்டு வாங்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதற்குக் கம்போடியா நாட்டுக் கடற்கரை நகரம் ஒன்றின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

தாய்லாந்து வளைகுடாவின் கரையில் அமைந்தது சிகானூக்வில் நகரம். 1953-இல் விடுதலை பெற்ற கம்போடியா, தனக்கென ஓர் ஆழ்கடல் துறைமுகம் வேண்டி அப்பத்தாண்டிலேயே பிரெஞ்சு உதவியுடன் அதனை எழுப்பத் தொடங்கியது. மன்னர் நரோதம் சிகானூக்கின் பெயரே நகருக்கும் அமைந்தது. பின்னர் 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; குடும்பங்கள் சிதறின. அக்கொடுமையின் நிழல் நீங்கி அமைதி திரும்பியபின், வெண்மணற் கரைகளைக் காண வெளிநாட்டார் திரளாக வரலாயினர். அக்கரைகளிலே பழமும் கயிற்று வளையலும் விற்கும் சிறுவர் சிறுமியரை அவர்கள் கண்டனர், இரங்கினர். அந்த இரக்கத்தைச் சுற்றி ஒரு வாணிகமும் வளர்ந்தது.

கம்போடியா முழுவதற்கும் உள்ள கணக்கைக் காண்போம். 2005-இல் அந்நாட்டிற்கு வந்த வெளிநாட்டுப் பயணியர் ஏறத்தாழ 14 இலட்சம். 2010-இல் அவர்கள் 25 இலட்சமாயினர். அதே ஐந்தாண்டுகளில் குழந்தைகள் தங்கும் இல்லங்கள் 154-இலிருந்து 269-ஆகப் பெருகின. அவற்றுள் அரசு நடத்தியவை 21 மட்டுமே. போர் ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்தபின் அநாதை இல்லங்கள் பெருகுவானேன்? 2015-இல் எடுத்த கணக்கில் இல்லங்கள் 406 எனவும், அவற்றில் வாழ்ந்த குழந்தைகள் 16,500-க்கும் மேற்பட்டோர் எனவும் தெரியவந்தது. அத்தகைய குழந்தைகளுள் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் உயிருடன் இருந்தனர் என்பதே நெஞ்சை உறுத்தும் உண்மை.

அங்ஙனமாயின் பெற்றோர் ஏன் பிள்ளைகளைப் பிரிந்தனர்? வறுமை ஒரு காரணம். கல்வி மற்றொரு காரணம். இல்லத்தில் மூன்று வேளை உணவு கிடைக்கும், வெளிநாட்டார் ஆங்கிலம் கற்பிப்பர், பிள்ளை முன்னேறுவான் என்னும் நம்பிக்கையால் அனுப்பினர். அவர்களைக் குறை கூற நமக்கு வாய் எழாது. பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்த நம்மவருள்ளும், பிள்ளையின் படிப்பை எண்ணி ஊரிலே பாட்டியிடம் விட்டு வந்தவர் உண்டு. அந்தப் பிரிவின் வேதனை நாம் அறியாததன்று. ஆனால் பாட்டியின் மடி வேறு. கட்டணம் செலுத்திய அயலார் வாரந்தோறும் மாறி மாறி வந்துபோகும் கூடம் வேறு.

அக்கூடத்தில் நடப்பதை நோக்குக. வருகின்ற இளைஞர் நல்லவரே. வந்த அன்றே குழந்தைகள் ஓடி வந்து கட்டிக்கொள்கின்றனர், இவரும் உருகிவிடுகிறார். முன்பின் அறியாதவரைக் கண்டவுடன் கட்டியணைக்கும் பிள்ளை, நிலையான பாசத்தை இழந்த பிள்ளையாக இருக்கக்கூடும் என்று குழந்தை உளநூலார் கூறுவர். இரண்டு வாரத்தில் இவர் விடைபெறுகிறார். அடுத்தவர் வருகிறார். அவரும் ஆங்கில அகரவரிசையை முதலிலிருந்தே தொடங்குகிறார். குழந்தைக்கோ மீண்டும் ஒரு பிரிவு. மீண்டும் அதே பாடம். நன்கொடை தருவோர் முன் ஆடிப்பாடும் பொறுப்பும் சில இல்லங்களில் குழந்தைகள் மேலேயே விழுந்தது. இளைத்த பிள்ளையைக் கண்டால்தான் பணம் மிகுதியாக வரும் எனில், அப்பிள்ளை தேறுவதில் இல்லக்காரருக்கு ஆதாயம் ஏது? வருவோர் யார், எவர் என்று ஆராயாமல் குழந்தைகளிடம் விடுவதால் விளையக்கூடிய தீங்கையும் நாம் மறத்தலாகாது.

நிலையான அன்பு குழந்தைக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அறிஞர் ஆராய்ந்தே நிறுவியுள்ளனர். ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில், 2000-ஆம் ஆண்டையொட்டி, இல்லங்களில் வாழ்ந்த 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. அவர்களுள் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பெற்றனர். இரண்டு வயது நிரம்புமுன் குடும்பத்தை அடைந்த குழந்தைகள், பாசப் பிணைப்பில் ஏனையோரினும் நன்கு தேறினர். கூடத்தில் பத்துப் பேர் சில நாள் காட்டும் பரிவு, வீட்டில் ஒருவர் நாள்தோறும் காட்டும் பரிவுக்கு ஈடாவதில்லை.

உலகமும் இதனை உணர்ந்து வருகிறது. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர் என்னும் இயக்கம் 2011-இல் கம்போடியாவிலேயே எழுந்தது. இல்லங்களில் வாழும் குழந்தைகளுள் நூற்றுக்கு முப்பதின்மரை 2018-க்குள் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்புவது என அந்நாட்டரசு குறிக்கோள் வகுத்தது. அதற்கெனத் தேர்ந்த ஐந்து மாநிலங்களுள் சிகானூக்வில் அமைந்த மாநிலமும் ஒன்று. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவையும், அநாதை இல்லத் தன்னார்வப் பயணங்களால் விளையும் கேட்டைச் சுட்டித் தீர்மானம் நிறைவேற்றிற்று.

அங்ஙனமாயின் தொண்டே வேண்டாவோ எனின், அன்று. அந்நகரிலேயே 2003-இல் தொடங்கப்பெற்ற மிலோப் தபாங் என்னும் அமைப்பு நமக்கு வழி காட்டுகிறது. தெருவில் அலையும் குழந்தைக்குப் படிப்பும் மருத்துவமும் அளிப்பதோடு நில்லாமல், அக்குழந்தையின் குடும்பத்தையும் தாங்கிப் பிடிக்க அது முயல்கிறது. தாய்க்கு ஒரு வருவாய் கிடைத்தால் பிள்ளை கடற்கரையில் வளையல் விற்க வேண்டியதில்லை. பிள்ளையிடம் வளையல் வாங்கிக்கொண்டே இருந்தால், அவன் பள்ளி செல்லாது கரையிலேயே நிற்பான்.

ஆகவே, செல்ல விரும்பும் பிள்ளைகளிடம் பெற்றோர் சில வினாக்களைக் கேட்க வேண்டுகிறேன். நீ அறிந்த தொழில் யாது? செவிலியர், கணக்கர், ஆசிரியர், உடற்பயிற்சி மருத்துவர் ஆகியோர் அங்குள்ள பணியாளருக்குத் தம் தொழிலறிவைக் கற்பிக்கலாம். நாம் திரும்பியபின்னும் அது அங்கே தங்கும். உன்னைப் பற்றிக் காவல்துறைச் சான்று கேட்டார்களா? கேளாதவர், நாளை வேறு எவரையும் கேளார். நீ கட்டும் பணம் எங்கே செல்கிறது? அங்குள்ள குழந்தைகளுக்குப் பெற்றோர் உண்டா? உண்டெனில், அவர்களிடம் சேர்ப்பிக்க என்ன முயற்சி நடக்கிறது? எத்தனை திங்கள் தங்குவாய்? அவர்கள் மொழியைக் கற்பாயா? கெமர் எழுத்து நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. அதனைப் பயிலத் தமிழ்ப்பிள்ளைக்குத் தனி உவகை பிறக்கக்கூடும். இவற்றுக்கு விடை கிடைக்காத இடத்துக்குச் செல்லாமலிருப்பதே நலம். அக்கட்டணத்தை ஒரு குடும்பம் பிரியாதிருக்க உதவும் பணிக்கு அனுப்பிவிடலாம்.

இவ்வளவும் கம்போடியாவுக்கு மட்டும் உரியதன்று. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பிறந்தநாளன்று இல்லங்களுக்குச் சென்று, குழந்தைகளை வரிசையில் அமர்த்தி உணவிட்டு, உடன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும், இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும் என்கிறது. உணவிடுவதை நிறுத்த வேண்டுவதில்லை, படத்தை நிறுத்திவிடலாம். ஆண்டுக்கு ஒரு நாள் செல்வதைவிட, ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவை அவன் தாயின் வீட்டிலேயே வைத்து ஆண்டு முழுதும் ஏற்பது சாலச் சிறந்தது. அத்தாய் நம் பெயரை அறியாமற்போகலாம். பிள்ளை அவள் அருகில் இருப்பான்.