மெதுவாக ஓடினால் மின்சாரம் மிச்சமா?

சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமானாலும் மூணாறு, தேவிகுளம் பக்கமானாலும், தமிழ்வழிப் பள்ளிகளில் கணினி வகுப்பு என்றால் லினக்ஸ்தான். கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளத்தில்தான் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். அந்தக் கணினிகளை ‘பவர்சேவ்’ நிலையில் வைத்தால் மின்சாரம் மிச்சம், ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் வைத்தால் வேகம் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டிலும் பாதிதான் உண்மை.

ஒரு செயலி இழுக்கும் மின்திறன் அதன் அதிர்வெண்ணைப் பொறுத்தும், மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தும் கூடும். அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்கினால் திறன் ஏறக்குறைய பாதியாகும். வேலை முடியவோ இரட்டிப்பு நேரம் பிடிக்கும். கணக்கு சரிக்குச் சரி. அந்தக் கூடுதல் நேரமெல்லாம் திரை எரிவதையும் செயலியில் சும்மா கசியும் மின்சாரத்தையும் சேர்த்தால் நஷ்டமே. மின்னழுத்தமும் கூடவே இறங்கினால்தான் லாபம். இரண்டையும் 10 சதவீதம் குறைத்துப் பாருங்கள்: திறன் சுமார் 27 சதவீதம் குறையும், நேரம் 11 சதவீதம்தான் கூடும். ஆனால் மின்னழுத்தத்துக்குக் கீழ்வரம்பு உண்டு. அதைத் தொட்டபின் வேகத்தை மேலும் இறக்கிப் பயனில்லை. வேலையைச் சட்டென்று முடித்துச் செயலியை உறங்க விடுவதே சிக்கனம்.

இந்த ஏற்ற இறக்கத்தை லினக்ஸின் மையமான கர்னலில் ‘சிபியுஃபிரீக்’ என்ற பகுதி பார்த்துக்கொள்கிறது. அதன் பராமரிப்பாளர்களில் ஒருவர் இந்தியரான விரேஷ் குமார். எந்த வேகம் என்று முடிவெடுக்கும் நிரலுக்குக் கவர்னர் என்று பெயர். 2016இல் 4.7 பதிப்பில் வந்த ‘ஷெட்யூட்டில்’ கவர்னரின் கணக்கு எளிது: செயலி எவ்வளவு வேலையாக இருக்கிறதோ, அதைவிடக் கால் பங்கு கூடுதலாக வேகம் கொடு. உச்சம் 2000 மெகாஹெர்ட்ஸ், சுமை 40 சதவீதம் என்றால் 1000 மெகாஹெர்ட்ஸ். சுமை 80 சதவீதத்தைத் தொட்டாலே முழு வேகம். இப்படி நொடிக்குள் பலமுறை முடிவெடுக்கும் வேலையில் நாம் கையை நுழைப்பது அநேகமாக வேண்டாத வேலை.

குழப்பம் இன்னொன்றும் உண்டு. பழைய ‘பவர்சேவ்’ கவர்னர் செயலியைக் குறைந்தபட்ச வேகத்திலேயே கட்டிப்போடும். இன்டெல் செயலிகளுக்கென எழுதப்பட்ட இயக்கியில் அதே பெயரில் இருப்பதோ, சுமைக்கேற்ப வேகத்தை ஏற்றும். இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே தட்டச்சு செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

எந்தக் கவர்னரும் வெயிலை வெல்லாது. 2016 ஏப்ரலில் பாலக்காட்டில் 41.9 டிகிரி பதிவானது. செயலி சூடேறி வரம்பைத் தொட்டால், ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் இருந்தாலும் வன்பொருளே வேகத்தைக் குறைத்துவிடும். ஒரே மாதிரிக் கணினி மூணாற்றுக் குளிரில் நன்றாக ஓடி, கொழிஞ்சாம்பாறை மதிய வெயிலில் திணறினால் மென்பொருளைப் பழிக்க வேண்டாம். அமைப்பைச் சமநிலையிலேயே விட்டுவிட்டு, முதலில் விசிறியில் அடைந்த தூசியைத் தட்டுங்கள்.