உங்க லாகின் யார் பேர்ல இருக்கு?



இடம் வாங்கினா பத்திரம் யார் பேர்லன்னு பார்ப்போம். பைக் வாங்கினா ஆர்சி புக் யார் பேர்லன்னு பார்ப்போம். ஆனா மியூச்சுவல் ஃபண்ட், டீமேட், வருமான வரி போர்ட்டல்னு நம்ம மொத்த சொத்துக்கும் சாவியா இருக்கிற மெயில் ஐடி யார் பேர்ல இருக்கு? இதை நம்மள்ல முக்கால்வாசிப் பேர் யோசிச்சதே இல்லை.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சம்பளம் வாங்க ஆரம்பிச்ச ஒவ்வொருத்தரும் சொந்தமா ஒரு டொமைன் வாங்கி, பணம் சம்பந்தப்பட்ட லாகின் எல்லாத்தையும் அதுல இருக்கிற மெயில் ஐடிக்கு மாத்திக்கிறது நல்லது. ஆனா அதைப் பராமரிக்க முடியாதவங்க தொடவே கூடாது. ரெண்டுக்கும் காரணம் இருக்கு.

ஆபீஸ் ஐடி உங்களோடது இல்லை

மணப்பாறையில இருந்து திருச்சி, சென்னை, பெங்களூருன்னு வேலைக்குப் போன பசங்க ரிட்டர்ன் ஃபைல் பண்ண ஜூலையில வருவாங்க. வருஷா வருஷம் சிலருக்கு ஒரே கதை. போர்ட்டல்ல பழைய கம்பெனி மெயில் ஐடி. ஃபண்ட் ஃபோலியோவிலயும் அதே ஐடி. வேலையை விட்ட அன்னிக்கே கம்பெனி அதை மூடியிருக்கும். கேம்ஸ், கேஃபின்டெக்ல இருந்து வர்ற ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட் ஃபோலியோவில பதிவான ஐடிக்குத்தான் வரும். அதாவது, உங்க முதலீட்டுக் கணக்கு உங்களால திறக்க முடியாத ஒரு பெட்டிக்குப் போய்க்கிட்டு இருக்கும்.

இதைவிட மோசமா ஒண்ணு இருக்கு. கம்பெனியே மூடிட்டா? 2025 ஜனவரியில டிலன் ஐரி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதை வெளிப்படையா காட்டினார். மூடிப்போன ஒரு ஸ்டார்ட்அப்போட காலாவதியான டொமைனை அவர் விலைக்கு வாங்கினார். பழைய ஊழியர்களோட மெயில் ஐடிகளை மறுபடி உருவாக்கி, 'கூகுள் மூலம் உள்நுழை' பட்டனை அழுத்தினார். ஸ்லாக், ஜூம், சாட்ஜிபிடி, ஏன், ஹெச்ஆர் மென்பொருள் வரைக்கும் கணக்குகள் திறந்துச்சு. ஹெச்ஆர் மென்பொருள்ல என்ன இருக்கும்னு உங்களுக்கே தெரியும்: பே ஸ்லிப், வரி விவரம், வங்கிக் கணக்கு எண்.

அப்போ ஜிமெயில் பரவாயில்லையா? ஆபீஸ் ஐடிக்கு அது எவ்வளவோ மேல். ஆனா அதுவும் நாம குடியிருக்கிற வீடுதான், சொந்த வீடு இல்லை. ரெண்டு வருஷம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம்னு 2023-ல கூகுள் விதி கொண்டு வந்துச்சு. ஏதோ ஒரு காரணத்துல கணக்கு முடங்கினா, நேர்ல போய்ப் பேச ஒரு கவுண்டர்கூடக் கிடையாது.

நமக்குத் தெரிஞ்ச யூஏஎன் கதைதான்

2014-க்கு முன்னாடி வேலை மாறினா பிஎஃப் எண்ணும் மாறும். அப்புறம் யூஏஎன் வந்துச்சு. கம்பெனி எத்தனை மாறினாலும் அந்த ஒரு எண் மாறாது. 2011-ல நாடு முழுக்க வந்த மொபைல் நம்பர் போர்ட்டபிலிட்டியும் இதே மாதிரிதான். சிம் கம்பெனி மாறும், நம்பர் மாறாது.

சொந்த டொமைன் என்பது மெயிலுக்கான போர்ட்டபிலிட்டி. இன்னிக்கு ஜோஹோ மெயில், நாளைக்கு கூகுள், நாளன்னிக்கு வேற யாரோ. பின்னாடி சேவை தர்றவங்க மாறுவாங்க. உங்க முகவரி அப்படியே இருக்கும்.

இணையதள முகவரியையே லாகினா வைக்கலாம்ங்கிற யோசனையும் புதுசு இல்லை. 2005-ல லைவ்ஜர்னலை உருவாக்கின பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் ஓப்பன்ஐடியைக் கொண்டு வந்தார். யூசர்நேமுக்குப் பதிலா உங்க தள முகவரியை டைப் பண்ணணும். அந்தப் பக்கத்துல இருக்கிற ரெண்டு வரி, உங்களுக்காக யார் சாட்சி சொல்வாங்கன்னு காட்டும். சாட்சி பிடிக்கலைன்னா அந்த ரெண்டு வரியை மாத்தினா போதும்.

2014 பிப்ரவரியில மைஓப்பன்ஐடி சேவையை மூடினப்போ இதோட அருமை தெரிஞ்சுது. அவங்க கொடுத்த முகவரியையே அடையாளமா வச்சிருந்தவங்க அடையாளத்தையே இழந்தாங்க. சொந்த டொமைன் வச்சிருந்தவங்க வரியை மாத்திட்டு வேற சேவைக்குப் போயிட்டாங்க. இதோட வாரிசா இன்டிஆத் இன்னிக்கும் இருக்கு. ஆனா நம்ம வங்கியோ, புரோக்கரோ, அரசு போர்ட்டலோ அதை ஏத்துக்கிறதில்லை. அதனால நமக்கு இப்போதைக்கு நடைமுறைக்கு உதவுறது சொந்த டொமைன்ல ஒரு மெயில் ஐடிதான்.

இப்போ மறுபக்கம்

டொமைனும் முழுசா சொந்தம் இல்லை. அது குத்தகை. குத்தகைப் பணம் கட்டலைன்னா போயிடும். சில சமயம் கட்டினாலும் சிக்கல் வரும். 2018 செப்டம்பர் 24 அன்னிக்கு, நம்ம ஊர் ஜோஹோவோட முக்கிய டொமைனையே அதைப் பதிவு செஞ்ச அமெரிக்க நிறுவனம் ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டி முடக்குச்சு. சில மணி நேரம் கோடிக்கணக்கான பயனர்கள் தவிச்சாங்க. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல உதவி கேட்க வேண்டிய நிலைமை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்த நிலைமைன்னா நாம எவ்வளவு கவனமா இருக்கணும்?

நீங்க புதுப்பிக்க மறந்தா கொஞ்ச நாள் அவகாசம் கிடைக்கும். அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் வாங்கலாம். வாங்கினவருக்கு உங்க பாஸ்வேர்டு ரீசெட் மெயிலெல்லாம் போகும். ஐரி அந்த ஸ்டார்ட்அப் டொமைன்ல செஞ்சதை உங்க வாழ்க்கையில ஒருத்தர் செய்யலாம். டொமைன் இல்லாதவரைவிட, டொமைனை வாங்கிட்டு மறந்தவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

டொமைன், மெயில் சேவை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 2,000 ரூபாய்னு பட்ஜெட் வைங்க. மாசம் 167 ரூபாய், ஒரு ஓடிடி சந்தா அளவுதான். சம்பளக்காரங்க இதைச் செலவா காட்டி வரி கழிக்க முடியாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்லயே எல்லாம் அடங்கிடும். ஃப்ரீலான்ஸ் வருமானம் இருந்து முறையா கணக்கு எழுதுறவங்க, அந்தத் தொழிலுக்குப் பயன்படுத்துற அளவுக்கு செலவா எழுதலாம். 44ஏடிஏ-வில போறவங்க தனியா கழிக்க முடியாது.

இறங்குறதா இருந்தா இதையெல்லாம் பாருங்க:

1. முதல் வருஷ ஆஃபர் விலையைப் பார்க்காதீங்க, புதுப்பிப்பு விலையைப் பாருங்க. டாட் இன், டாட் காம் ரெண்டையும் 10 வருஷம் வரை மொத்தமா பதிவு செய்யலாம்.
2. பதிவு உங்க பேர்லயே இருக்கட்டும். வெப்சைட் போட்டுக் கொடுத்த நண்பர் பேர்ல வேண்டாம். மணப்பாறை முறுக்கு எத்தனையோ வருஷமா பிரபலம், ஆனா சட்டப்படி அந்தப் பேருக்குப் பாதுகாப்பு 2023-ல புவிசார் குறியீடு வாங்கினப்புறம்தான். பேர் பெரிசா இருந்தா மட்டும் போதாது, பதிவும் இருக்கணும்.
3. டொமைன் வாங்கின கணக்குக்கு அதே டொமைன் மெயிலைக் கொடுக்காதீங்க. டொமைன் போனா, 'புதுப்பிங்க'ன்னு வர்ற எச்சரிக்கையும் அதோட போயிடும். பூட்டுக்குள்ளயே சாவியை வச்ச கதை. அங்கே ஜிமெயில் கொடுங்க, ரெண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்க.
4. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. முதல்ல ஃபண்ட் ஃபோலியோ, அப்புறம் டீமேட், கடைசியா வரி போர்ட்டல். ஒவ்வொண்ணுலயும் மெயில் வருதான்னு பார்த்துட்டு அடுத்ததுக்குப் போங்க. பழைய ஐடியை ஒரு வருஷமாவது உயிரோட வைங்க.
5. நாமினி விவரம் எழுதுற நோட்டுலயே டொமைன் எங்க வாங்கினது, எப்போ முடியுதுன்னு எழுதி வீட்டுல சொல்லி வைங்க.

சரி, உங்களுக்கு இது தேவையா?

இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையே அபராதத்தோட கட்டுற ஆளா நீங்க? அப்போ ஜிமெயிலோடயே இருங்க, ரெக்கவரி விவரங்களை மட்டும் சரி பண்ணுங்க. ஆட்டோ டெபிட், காலண்டர் நினைவூட்டல்னு ஒழுங்கா இருக்கிறவரா? தாராளமா டொமைன் வாங்குங்க.

எந்தப் பக்கம் இருந்தாலும் இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. வரி போர்ட்டல், டீமேட், ஃபண்ட் மூணுலயும் லாகின் பண்ணி என்ன மெயில் ஐடி இருக்குன்னு பாருங்க. ஆபீஸ் ஐடி இருந்தா, நோட்டீஸ் பீரியட் வரைக்கும் காத்திருக்காம உடனே மாத்துங்க. அந்த ஐடி வேலை செய்யுற வரைக்கும் மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை. அது செத்தப்புறம் அலைச்சல்தான்.

ஒவ்வொரு போர்ட்டல்லயும் மெயில் ஐடி மாத்துறது எப்படின்னு திரையிலேயே காட்டி நம்ம சேனல்ல வீடியோ போடறேன். அதுல சந்திப்போம்.