ஆன்லைன் செஸ் போட்டி நடத்தும் தம்பிகளுக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் கணக்கு

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் செஸ் போட்டி நடத்துபவர்களும், பணம் கட்டிப் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் பெற்றோரும் அவசியம் படிக்கவும்.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி அழைப்பு வருகிறது. "நாக் அவுட் முறை. இரவு 9 மணிக்குத் தொடக்கம். இணையம் துண்டித்தால் நிர்வாகம் பொறுப்பல்ல." இந்த மூன்று வரிக்கும் நான் எதிரி.

முதலில் நாக் அவுட். "சீக்கிரம் முடியும் சார்" என்கிறார்கள். கணக்குச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவனிடம் இதைச் சொல்லலாமா? 64 பேர் சேர்ந்தால் நாக் அவுட்டுக்கு 6 சுற்று வேண்டும். சுவிஸ் முறையிலும் 6 சுற்று போதும். சம புள்ளி உள்ளவர்களை மோதவிடும்போது, ஆறிலும் வென்றவர் ஒருவருக்கு மேல் இருக்கவே முடியாது. நேரம் ஒன்றுதான். ஆனால் நாக் அவுட்டில் மொத்தமே 63 ஆட்டம். சுவிஸில் 192. நாக் அவுட்டில் 32 பிள்ளைகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். கட்டணம் மட்டும் எல்லோருக்கும் சமம்!

1895இல் சூரிச்சில் நடைமுறைக்கு வந்தது சுவிஸ் முறை. கையால் ஜோடி போட வேண்டிய காலத்திலேயே செய்தார்கள். இன்று அதைக் கணினி செய்கிறது. மண்டப வாடகையும் இல்லை, பலகையும் கடிகாரமும் வாங்க வேண்டியதில்லை. பிறகு ஏன் பாதிப் பேரை விரட்டுகிறீர்கள்?

அடுத்து, இரவு 9 மணி. 2022 மே மாதம் ஒரு பெரிய ஆன்லைன் போட்டியின் அரையிறுதியில் அனிஷ் கிரியை நம் பிரக்ஞானந்தா வென்றபோது மணி இரவு 2. காலை 8.45க்குப் பதினொன்றாம் வகுப்புத் தேர்வுக்குப் போக வேண்டியிருந்தது. இறுதியில் எதிரே ஆடிய சீனாவின் டிங் லிரனுக்குக் கடிகாரம் இன்னும் இரண்டரை மணி நேரம் முன்னால். "அவரே ஆடினாரே" என்று உதாரணம் காட்டாதீர்கள். அது பல நாட்டு வீரர்கள் ஆடிய போட்டி. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் என்ன நேர வித்தியாசம்? உங்கள் அலுவலகம் முடியும் நேரத்துக்குப் பத்து வயதுப் பிள்ளை விழித்திருக்க வேண்டுமா?

மூன்றாவது, "நிர்வாகம் பொறுப்பல்ல." எங்கள் தெருவில் ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், நல்ல நிலையில் ஆடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. வைஃபை அணைந்தது, நேரம் ஓடியது, தோல்வி, வெளியேற்றம். கேட்டால் "விதி விதிதான்" என்றார்கள். 2020 ஆகஸ்ட் 30 அன்று ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதியில் நிஹால் சரீனுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்து நேரம் போனது. முறையிட்ட பிறகு ஃபிடே இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தது. தேசிய அணிக்கு ஒரு நியாயம், தெருப்பிள்ளைக்கு ஒரு நியாயமா?

நான் கேட்பது இவ்வளவுதான்:

1. சுவிஸ் முறை, 6 சுற்று. ஓர் ஆட்டம் இணைப்பால் போனாலும் ஐந்து மிச்சம் இருக்கும்.

2. ஆளுக்கு 10 நிமிடம், நகர்த்தலுக்கு 5 விநாடி கூடுதல். 60 நகர்த்தல் போனாலும் அரை மணியில் முடியும். இரண்டு ஞாயிறு காலைகளில் மும்மூன்று சுற்று வையுங்கள்.

3. பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. பிள்ளைகளின் ஊர்களைக் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

4. புள்ளி சமமானால் யார் முன்னால் என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். பரிசளிப்பு நேரத்தில் கண்டுபிடிக்காதீர்கள்.

"நாக் அவுட்டில்தான் விறுவிறுப்பு" என்று சிலர் கமெண்டில் வருவார்கள். விறுவிறுப்பு பார்க்கிறவனுக்கு. கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு ஆட்டம்தான் வேண்டும். முதல் தேர்வில் தோற்ற பாதி வகுப்பை வெளியே அனுப்பும் ஆசிரியரை நீங்கள் சும்மா விடுவீர்களா?

பெற்றோர்களே, அடுத்த அழைப்பு வந்தால் பரிசுத் தொகையைப் பார்க்கும் முன் "என் பிள்ளைக்கு எத்தனை ஆட்டம்?" என்று கேளுங்கள். பதில் "ஒன்று" என்றால், பணத்தைப் பையிலேயே வையுங்கள்.