ஈயின் படமும் ஈயின் பெயரும்

ஈ என்றதும் கையை ஓங்குவது நம்மவர் வழக்கம். இலையான், நுளம்பு, கொசு என்னும் மூன்று பெயர்களுள் இக்கூட்டம் முழுவதையும் அடக்கிவிட்டு, எஞ்சியவற்றை ‘ஏதோ ஒரு பூச்சி’ என்று தள்ளிவிடுகிறோம். ஆயினும் கல்முனை, காரைதீவு, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில் வளவிலே பாகற்கொடி படரவிட்ட எவரும், மஞ்சட் கோடுகளோடு குளவியைப் போல வந்து அமரும் ஒன்றைக் கண்டிருப்பர். அஃது யாது? இக்கேள்விக்கு விடை காண இக்கால இளைஞர் கையாளும் முறை எளிது. கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுக்கின்றனர். பெயர் கூறும் செயலி ஒன்றுக்கு அதனைக் காட்டுகின்றனர். இமைப்பொழுதில் இலத்தீன் பெயரொன்று திரையில் தோன்றுகிறது. பெயர் கிடைத்ததும் பூச்சிமருந்து வாங்கப் புறப்படுகின்றனர்.

இம்முறையை முற்றாகப் பழிப்பது என் நோக்கமன்று. படம் மெய் சொல்லும் எல்லை ஒன்றுண்டு. அவ்வெல்லைக்கு அப்பாலும் அதனைப் பேசவைப்பதே தவறு என்கிறேன்.

படம் பார்த்து உறுதியாகச் சொல்லத்தக்கவை பல உள. குளவிக்கும் தேனீக்கும் சிறகுகள் நான்கு, ஈக்கு இரண்டே. பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரு சிறு தண்டுகள் நிற்கும். பக்கவாட்டில் எடுத்த தெளிவான படத்தில் அவை தோன்றும். மஞ்சட் கோடுடைய ஈக்களுள்ளும் இரு குடும்பங்களை வேறு பிரிக்கலாம். சிறகை அசைத்தசைத்துக் காயின்மேல் நடந்து, வாற்புறத்து ஊசியால் தோலைத் துளைத்து முட்டையிடுவது பழ ஈ. பூவின் முன்னே அந்தரத்தில் நின்று, திடீரென விலகி, மீண்டும் வந்து நிற்பது மிதவை ஈ. முன்னதன் புழு காயின் உள்ளிருந்து அதனை அழுகச் செய்வது. பின்னதன் பல இனங்களின் புழுக்கள் அழுக்கணவனைத் தின்று நமக்கு உதவுவன. ஒன்றை மற்றொன்றாகக் கருதி மருந்தடிப்பவர் நண்பனைக் கொன்று பகைவனை வாழவிட்டவராவர். காயினுள்ளே இருக்கும் புழுவை மேலே தெளித்த மருந்து எட்டாதன்றோ. பிஞ்சுக்கு உறை கட்டுதலும், விழுந்த அழுகற் காய்களைப் பொறுக்கி ஆழப் புதைத்தலுமே பயன் தருவன. வீட்டுத் தோட்டக்காரருக்கு இவ்வளவு அறிதல் போதும். இதற்கு ஒரு நல்ல படமும் போதும்.

குடும்பம் அறிந்தபின், இனம் எது என்று கேட்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய வரலாறு ஒன்றுண்டு. 2003ஆம் ஆண்டில் கென்யாவில் அதுவரை அங்கே அறியப்படாத பழ ஈ ஒன்று அகப்பட்டது. மாம்பழத்தைக் கெடுக்கும் ஆசிய இனமாகிய பாக்டிரோசெரா டோர்சாலிசை அது பெரிதும் ஒத்திருந்தது. முதுகின் நிறமோ வேறுபட்டது. இலங்கையிற் பிடித்த ஈக்கள் சில அதனோடு பொருந்தின. ஆகவே டிரூ, சுருட்டா, வைற் என்னும் அறிஞர் மூவர், 2005ஆம் ஆண்டில், அதனை இலங்கைக்கும் ஆபிரிக்காவுக்கும் உரிய புதிய இனமெனக் கொண்டு, படையெடுப்பது எனப் பொருள்படும் ‘இன்வேடன்ஸ்’ என்ற பெயரை வழங்கினர். சில ஆண்டுகளுள் அவ்வீ ஆபிரிக்காவிற் பரந்து பரவியது. பழ ஏற்றுமதி தடைப்பட்டது. பின்னர் ஏறக்குறைய 20 நாடுகளைச் சேர்ந்த 50 ஆய்வாளர் உருவத்தையும் மரபணுவையும் ஆணும் பெண்ணும் கூடும் இயல்பையும் ஆண் ஈ வெளிவிடும் மணப்பொருளையும் ஒருங்கே ஆராய்ந்தனர். இன்வேடன்ஸ் தனியினம் அன்று, 1912இல் ஹெண்டல் பெயரிட்ட பழைய டோர்சாலிசே அது என்பது முடிவு. 2015ஆம் ஆண்டில் புதுப்பெயர் நீங்கியது. முதுகு கருமையாயிருத்தலும் செங்கபிலமாயிருத்தலும் ஓரினத்துள்ளேயே காணப்படும் வேறுபாடுகளாம்.

முதற் பெயரிட்டவர்களைக் குறை கூற இங்கு இடமில்லை. அறிவு இவ்வாறே நடக்கும். ஆனால் ஈயைக் கையில் வைத்து நுணுக்குக்காட்டியால் நோக்கிய வல்லுநர்க்கே பத்தாண்டு சென்ற காரியத்தைச் செயலி இமைப்பொழுதில் முடித்துவிட்டதாகக் கூறும்போது, அதை நம்புவது எங்ஙனம்? போதாக்குறைக்கு, டோர்சாலிசுக்கு நெருங்கிய உறவாகிய ‘கண்டியென்சிஸ்’ என்னும் இனமும் இத்தீவில் உண்டு. 1994இற் பெயர் பெற்றது. மங்கலான ஒரு படத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவேன் என்பவரைவிட, “பழ ஈ, அதற்குமேற் சொல்வதற்கில்லை” என்பவரே எனக்கு மேலானவராகத் தோன்றுகிறார்.

படத்தின் பக்கம் நின்று வாதாடியோரும் உளர். 2015ஆம் ஆண்டில் மார்ஷல், ஈவன்ஹூயிஸ் என்னும் இருவர், மரம் துளைக்கும் கருவண்டைப் போன்ற தென்னாபிரிக்க ஈ ஒன்றை, உடல் எதுவும் சேமிக்காமல், நிழற்படங்களை மட்டும் கொண்டு புதிய இனமென விவரித்தனர். மறுவருடமே நானூறுக்கு மேற்பட்ட அறிஞர் ஒப்பமிட்டு அம்முறையை மறுத்தனர். அந்த ஈ வேறெதனோடும் மயங்காத தோற்றமுடையது. ஆதலின் அங்கே படம் ஓரளவு போதுமாயிற்று எனலாம். நம் பழ ஈக்களோ ஒன்றுபோல் ஒன்று இருப்பவை.

படத்தில் விழாத செய்திகள் சிலவேளை படத்தினும் பெரியன. எச்செடியிலே கண்டோம் என்பது அவற்றுள் ஒன்று. முற்றத்துத் துளசியை நாடி ஆண் பழ ஈக்கள் வருவதுண்டு. துளசியிலுள்ள மெதைல் இயூஜினால் என்னும் பொருளே அவற்றை இழுப்பது. அப்பொருளின் கவர்ச்சியை இந்தியாவின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஹௌலெற் என்பவர் 1915ஆம் ஆண்டளவிற் கண்டறிந்தார். டோர்சாலிசின் ஆண் அதற்கு மயங்கும். பாகலையும் பூசணியையும் தாக்கும் ஈயின் ஆண் மயங்காது. துளசியிற் கண்டது என்ற ஒரு சொல் பத்துப் படங்களுக்கு ஈடாகலாம்.

ஆதலின் நம் கல்லூரி மாணவர்க்கு ஒன்று சொல்வேன். விஞ்ஞானப் பட்டதாரியாகிய விபுலாநந்த அடிகளைத் தந்த காரைதீவு அருகிலிருக்க, நம் வளவுகளின் ஈக்களுக்கு ஒரு குறிப்பேடு இல்லாதிருப்பது அழகன்று. ஆய்வுகூடத்தில் ஒரு பெட்டியும் ஒரு கொப்பியும் போதும். படம் எடுப்போர் மேலிருந்தொன்று, பக்கத்திலொன்று, சிறகு விரிந்தநிலையிலொன்று என எடுத்து, அருகில் ஒரு நாணயத்தை வைத்து அளவு காட்டுக. புழுவுள்ள காயைப் போத்தலில் உலர்மணலின்மேல் இட்டுத் துணியால் வாய் கட்டுக. மணலுக்கு நம் கரையிற் பஞ்சமில்லை. முற்றிய புழு துள்ளி மணலுட் புகுந்து கூட்டுப்புழுவாகும். ஏறக்குறைய பத்து நாளில் ஈ வெளிவரும். அதனை மதுசாரத்தில் இட்டு, இடம், திகதி, காய், கண்டவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே இடுக; மை கரைந்துவிடும். செயலி கூறிய பெயரையும் எழுதலாம். ஆனால் அருகே ஒரு கேள்விக்குறி இருக்கட்டும். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை அப்பெட்டியை அங்குள்ள உயிரியல் ஆசிரியர்களிடம் கொண்டுசென்று காட்டுவது நெடும்பயணமன்று.