பெரட்டுக்கு முந்திக் கிளம்பிய வேலை



பெரட்டில் பெயர் கூப்பிட்ட பிறகுதானே வெட்டுக்குப் போகிறோம்? இன்றைய லினக்ஸ் கணினிகள் பலவற்றில் முதல் எண்ணோடு எழுந்து, மற்றவற்றை வேலைக்கு அனுப்பும் மண்டோர் 'சிஸ்டம்டி'.

எங்கள் பள்ளிக் கணினியில், பிள்ளைகளின் புள்ளிகளை வெளி ஹார்டிஸ்க்கில் நகலெடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கணினி எழும்போதே ஓடட்டும் என்று 'கிரான்டேப்' கோப்பில் 'அட் ரீபூட்' வரியைச் சேர்த்தேன். கையால் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. அதோடு விட்டதுதான் என் தவறு. காலையில் ஹார்டிஸ்க் இணையுமுன்பே ஸ்கிரிப்ட் கிளம்பியிருக்கிறது, வாளியில்லாமல் வெட்டுக்குப் போன ஆள்போல. ஹார்டிஸ்க் வந்து சேரும் இடத்தில் கணினிக்குள்ளேயே ஒரு வெற்றுக் கோப்புறை உண்டு. நகலெல்லாம் அதில் விழுந்தன. பிழை என்று ஒரு சொல் வரவில்லை. கணினி கெட்டபோது ஆறு மாதப் புள்ளிகள் நகலோடு போயின. பழைய தாள்கள் கேட்டு வீடுவீடாக நடந்தேன், பாதிகூடக் கிடைக்கவில்லை.

இப்போது சிஸ்டம்டியிடமே சொல்லிவிட்டேன். '.சர்வீஸ்' என முடியும் கோப்பில், 'எக்ஸெக்ஸ்டார்ட்' வரியில் ஸ்கிரிப்டின் முழுப் பாதை. 'ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' வரியில் ஹார்டிஸ்க் இணையும் இடம். அந்த இடம் 'எஃப்எஸ்டேப்' கோப்பிலும் இருக்க வேண்டும். ஹார்டிஸ்க் இணையாவிட்டால் ஸ்கிரிப்ட் கிளம்பாது. 'வாண்டட்பை' வரியில் 'மல்ட்டி-யூசர்.டார்கெட்' என்று எழுதி, 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' கொடுத்தால்தான் பெயர் பெரட்டில் ஏறும்.

உங்கள் பிள்ளை இப்படி ஏதாவது எழுதி வைத்திருந்தால், கணினியை ஒருமுறை அணைத்துத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு ஹார்டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் சொருகி, இன்றைய தேதியில் நகல் இருக்கிறதா என்று பாருங்கள்.